தபீத்தை எழுதி வைத்தல்: ஒரு பாக்தாத் யூதக் குடும்பத்தின் வெள்ளிக்கிழமை அடுப்பு

தபீத் என்பது பாக்தாத் யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை அடுப்பில் ஏற்றிச் சனிக்கிழமை நண்பகலில் இறக்கும் கோழிச் சோறு. முழுக் கோழியின் வயிற்றுக்குள்ளும் தோலுக்கடியிலும் மசாலா கலந்த அரிசியை அடைத்துத் தைத்து, தக்காளிச் சாற்றில் வேகவைத்து, சுற்றிலும் மேலும் அரிசி போட்டு, இரவு முழுவதும் மிகக் குறைந்த சூட்டில் விட்டுவிடுவார்கள். இஸ்ரேலின் ராமத் கான் நகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், எதிர் வீட்டுப் பாட்டி இதை ஏறக்குறைய எல்லா வாரமும் செய்கிறார். எண்பதைக் கடந்துவிட்ட அவரிடம் எழுத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. திருமணமாகித் தெற்கே குடிபோன பேத்தி கேட்கும்போதெல்லாம் “கண்ணால் பார்த்துப் போடு” என்பதே அவருடைய பதில். வெளியாளாகிய நான் கேட்டால் பாட்டி பொறுமையாகச் சொல்வார் என்று கணக்குப் போட்டு, சமையலறைத் தராசும் பேனாவுமாக என்னை அந்த வீட்டுக்குள் அனுப்பி வைத்தது அந்தப் பேத்திதான். கடந்த குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை வரை நீண்ட அந்த வேலையின் பதிவு இது.

முதலில் அந்தச் சமையலறைக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறைச்சிக்குத் தனிப் பாத்திரங்கள், பாலுக்குத் தனிப் பாத்திரங்கள் என்று பிரித்துப் புழங்கும் வீடு அது என்பதால், என் தராசின் மீது நேரடியாக எதையும் வைக்காமல், பாட்டியின் இறைச்சிப் பகுதித் தட்டு ஒன்றை வைத்து அதன் எடையைக் கழித்துக்கொண்டேன். நறுக்கலாம், கழுவலாம், அளக்கலாம். ஆனால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது பாட்டியின் கையாகத்தான் இருக்க வேண்டும். யூதரல்லாதவர் சமைத்த உணவை உண்பதில்லை என்ற விதியை ஐரோப்பிய யூதர்கள், ஒரு யூதர் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும் என்று தளர்த்திக்கொள்கிறார்கள். பாக்தாத் மரபினர் உள்ளிட்ட கிழக்கத்திய யூதர்கள் அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. இதன் விளைவாக, என் வீட்டில் நான் தனியாகச் செய்து பார்த்த தபீத்தைப் பாட்டி ஒரு வாய்கூட ருசி பார்க்க முடியாது. பார்வை, மணம், கரண்டி அடியில் உரசும் ஓசை ஆகிய மூன்றை மட்டும் கொண்டுதான் அவர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்புகள் எனக்குப் போதுமானவையாகவே இருந்தன.

ஷப்பாத் எனப்படும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் மெழுகுவத்தி ஏற்றுவதோடு தொடங்கிச் சனிக்கிழமை இருட்டியபின் முடிகிறது. அதற்கிடையில் நெருப்பு மூட்டக் கூடாது, அணைக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே மூட்டிய நெருப்பில் ஏற்கெனவே வைத்த பாத்திரம் தன்போக்கில் இருக்கலாம். கிழக்கு ஐரோப்பாவில் பீன்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் போட்ட சோலெண்ட், மொரோக்கோவில் கொண்டைக்கடலையும் கோதுமையும் சேர்ந்த தஃபீனா, பாக்தாதில் தபீத் என்று ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் எல்லாமே இந்த ஒரே நிபந்தனைக்குள் பிறந்தவை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது உணவு எந்த அளவு வெந்திருக்க வேண்டும் என்பதற்கும் யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தால்மூதில் ஓர் அளவுகோல் உண்டு. பென் த்ரூசாய் என்ற கொள்ளைக்காரன் அவசரத்தில் அரைவேக்காட்டிலேயே எடுத்துத் தின்பானாம். அவன் தின்னும் பக்குவத்துக்காவது வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அது மூன்றில் ஒரு பங்கா, பாதியா என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிடுகிறார்கள். பாட்டிக்கு அந்த வாதத்தில் அக்கறையில்லை. கோழி முழுதாக வெந்து, அரிசி முக்கால் வேக்காட்டைத் தாண்டிய பிறகே அவர் மூடியைப் போடுகிறார்.

கோழி சுமார் 1.6 கிலோ, தோலுடன், உறுப்புகளுடன். பாட்டியின் தாயார் காலத்தில் கோழியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பில் புரட்டி வைத்து, மூன்று முறை அலசி இரத்தத்தை நீக்குவது வீட்டு வேலையாக இருந்தது. இன்று கடையிலேயே அதைச் செய்து விற்கிறார்கள். குறிப்பெழுதுபவருக்கு இது முக்கியமான செய்தி, ஏனெனில் அந்தக் கோழி முன்பே ஓரளவு உப்பு ஏறியது. அதனால் சாற்றைச் சுவைத்துப் பார்த்த பிறகுதான் உப்பு என்று என் தாளில் தடித்த எழுத்தில் எழுதினேன். அரிசி போட்டபின் மேற்கொண்டு 6 கிராமுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படவில்லை. வேறு நாட்டில் சாதாரணக் கோழியில் செய்பவர்கள் இதை இருமடங்காகக்கூட ஆக்க வேண்டியிருக்கும். ஈரலில் இரத்தம் மிகுதி என்பதால் உப்பு மட்டும் போதாது. அதை நேரடித் தணலில் சுட்டுத்தான் உள்ளே சேர்க்கிறார். அந்தச் சுட்ட மணம் அடைப்பரிசி முழுவதும் இறங்கியிருக்கும். ஈரலை விட்டுவிட்டு எழுதப்பட்ட செய்முறைகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

அடைப்பதற்கு 100 கிராம் அரிசி, பொடியாக நறுக்கிய இரைப்பை, இருதயம், சுட்ட ஈரல், ஒரு நடுத்தரத் தக்காளி, மசாலா ஒரு தேக்கரண்டி, எண்ணெய் சிறிது. தோலை மார்புப் பக்கத்திலிருந்து தொடங்கி விரலால் மெல்ல மெல்லச் சதையிலிருந்து விடுவிக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும் என்பதால் பாட்டி விரலின் பின்புறத்தைப் பயன்படுத்துகிறார். விரல் முட்டியை மடக்கி உள்ளே தள்ளும்போது தோல் உயர்ந்து வருவதை மேலிருந்து பார்க்கலாம். அந்த இடைவெளியிலும் வயிற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப வேண்டும். அரிசி உப்பும்போது இடமில்லாவிட்டால் தையல் பிரியாது, தோலே வெடித்துவிடும். தைப்பதற்குச் சாயமேறாத வெள்ளைப் பருத்தி நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்கிறார். கடைசி முடிச்சைக் கத்தரிக்காமல் ஒரு விரல் நீளம் தொங்கவிடுவது, மறுநாள் கத்தரிக்கோல் இல்லாமல் அந்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவுவதற்காக.

தைக்கும்போதுதான் பாட்டி கதை சொல்வார். ஏன் என்று யோசித்தபோது, மற்ற வேலைகளில் அவருக்குக் கவனம் அடுப்பில் இருக்கிறது, இதில் கை மட்டும்தான் வேலை செய்கிறது என்று புரிந்தது. 1950ஆம் ஆண்டு மார்ச்சில் ஈராக் அரசு, குடியுரிமையைத் துறக்கும் யூதர்கள் வெளியேறலாம் என்று சட்டம் இயற்றியதையடுத்து, அந்த ஆண்டும் மறு ஆண்டும் எஸ்ரா–நெகேமியா என்று பெயரிடப்பட்ட விமானப் போக்குவரத்தில் சுமார் 1,20,000 பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் பாக்தாத் மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேலாக இருந்த சமூகம் ஏறத்தாழ முழுவதுமாக இடம்பெயர்ந்தது. 1941 ஜூனில் யூதர்களின் ஷவுவோத் பண்டிகையன்று பாக்தாத் யூதர்களைத் தாக்கி நடந்த ஃபர்ஹூத் கலவரத்தின் நினைவு அந்தத் தலைமுறையில் ஆறாமல் இருந்ததைப் பாட்டி தன் தாயாரின் பேச்சின் வழியே அறிந்திருக்கிறார். சிறுமியாக வந்த அவருக்குச் சொந்தமாக நினைவிருப்பது இஸ்ரேலில் வந்து தங்கிய கூடார முகாம்தான். அப்போது நாட்டில் உணவுப் பங்கீடு. இறைச்சியும் முட்டையும் அளந்து கொடுக்கப்பட்டன. முழுக் கோழி கிடைக்காத வாரங்களில் தாயார் கோழிக் கழுத்தின் தோலை மட்டும் எங்கிருந்தாவது வாங்கி வந்து, அதில் அரிசி அடைத்து இரு முனைகளையும் தைத்து, அதையே தபீத் என்று சொல்லிப் பரிமாறினாராம். அரிசியும் கிடைக்காதபோது, அன்றைய பிரதமரின் பெயரால் பென் குரியன் அரிசி என்று மக்கள் பெயர் வைத்த, கோதுமை மாவில் அரிசி வடிவில் செய்த பித்தீத்தீம். “அது பானையின் அடியில் பிடிக்காது, பசையாகத்தான் ஒட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாட்டி நூலை இழுத்து முடிச்சிட்டார். இன்றும் அவர் கோழியின் கழுத்துத் தோலை வெட்டி எறிவதில்லை. தனியாக அடைத்துத் தைத்துப் பானையின் ஓரத்தில் வைக்கிறார். பேத்திக்கான தாளில் இதை விருப்பமிருந்தால் என்று எழுத நான் எண்ணியிருந்தேன், பாட்டி சம்மதிக்கவில்லை.

மசாலாவில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகு, மஞ்சள், காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள், காய்ந்த ரோஜா இதழ். ஏலக்காயும் பட்டையும் முன்னே நிற்க, கிராம்பு பின்னே நிற்க வேண்டும்.

சாறும் தண்ணீரும்தான் இந்தச் சமையலின் உயிர்நாடி, என் நேரத்தில் பெரும்பகுதி அதில்தான் சென்றது. கனமான அடிகொண்ட பானையில் 60 மில்லி எண்ணெயில் இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தைத்த கோழியை மார்பு கீழே இருக்கும்படி வைத்து எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, நான்கு தக்காளியும் ஒரு குவியல் மேசைக்கரண்டி தக்காளி விழுதும் மசாலாவும் சேர்த்து, கோழி முக்கால் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிடுவார். அதன்பின் கோழியை வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சியிருக்கும் சாற்றைப் பார்ப்பார். பேத்தியால் பிடிக்க முடியாமல் போனது இந்தப் பார்வையைத்தான். சாதாரணச் சோற்றில் தண்ணீர் குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம், கூடினால் மூடியைத் திறந்து வற்றவிடலாம். இங்கே மெழுகுவத்தி ஏற்றிய பிறகு ஊற்றவும் முடியாது, கிளறவும் முடியாது. மறுநாள் நண்பகல் வரை உள்ள எல்லா மணி நேரங்களுக்குமான தண்ணீரையும் வெள்ளிக்கிழமை பகலிலேயே தீர்மானித்தாக வேண்டும்.

பாட்டியின் அளவுகோல் இஸ்திக்கான் எனப்படும், இடுப்புக் குறுகிய ஈராக்கியத் தேநீர்க் கண்ணாடிக் குவளை. அதில் குவித்து எடுத்த பாஸ்மதி அரிசி, நான் நிறுத்த ஒவ்வொரு முறையும் 92 கிராமுக்கு ஓரிரு கிராம் முன்பின்னாகவே வந்தது. அறுபது ஆண்டுக் கைப்பழக்கத்தைத் தராசு உறுதிப்படுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு குவளை, அதாவது சுமார் 550 கிராம். முந்தைய இரவே பொறுக்கிக் கல் நீக்கி, வெள்ளி காலையில் நீர் தெளியும்வரை கழுவி, ஊறவைக்காமல் வடித்து வைக்கிறார். சாற்றை அளந்து பார்க்க அவர் எனக்கு அனுமதி கொடுத்தது, அவருடைய கண் சரி என்று சொன்ன பிறகுதான். அவர் சரி என்று தலையசைத்த வாரங்களில் எல்லாம் சாறு 1.15 லிட்டருக்கும் 1.25 லிட்டருக்கும் இடையில் இருந்தது. குறைவாக இருந்தால் வெந்நீர் சேர்ப்பார். மிகுதியானால் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து அன்றிரவு உணவுக்குச் சூப்பாக்கிவிடுவார். அரிசியைப் போட்டுக் கோழியை மீண்டும் நடுவில் இறக்கிய பின், சாறு அரிசிக்கு மேல் ஆட்காட்டி விரலின் முதல் கணு அளவு நிற்க வேண்டும்.

குளிர்காலத் தாளுக்கும் கோடைத் தாளுக்கும் வேறுபாடு இருப்பதை ஜூன் மாதத்தில்தான் கண்டுகொண்டேன். டிசம்பர் தொடக்கத்தில் ராமத் கானில் மாலை 4.40க்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூன் இறுதியில் 7.50 ஆகிவிடும். சாப்பிடும் நேரமோ இரண்டு பருவத்திலும் சனிக்கிழமை நண்பகல்தான். ஆகவே குளிர்காலப் பானை சுமார் 20 மணி நேரமும் கோடைப் பானை 17 மணி நேரமும் சூட்டில் இருக்கிறது. பாட்டி டிசம்பரில் கடைசியாக அரைக் குவளை வெந்நீர், அதாவது 50 மில்லி, கூடுதலாக ஊற்றுகிறார், ஜூனில் ஊற்றுவதில்லை. காரணம் கேட்டதற்கு “குளிர்காலத்து அரிசிக்குத் தாகம் அதிகம்” என்றார். நான் நாட்காட்டியைக் காட்டி மணிக்கணக்கைச் சொன்னபோது, அது தனக்கு வேண்டாத விவரம் என்பதுபோல் கையை அசைத்துவிட்டு முட்டைகளைக் கழுவப் போனார்.

சனிக்கிழமைக் காலைக்கென்று தபீத்தோடு வைக்கும் முட்டைகள் பானைக்குள் போவதில்லை. வெங்காயச் சருகோடு அரை மணி நேரம் வேகவைத்து, பானையின் மூடியைத் தலைகீழாகப் போட்டு உண்டாகும் குழிவில் அடுக்கி, மேலே தாளால் மூடி, அதன்மேல் பழைய துண்டுகளைப் போர்த்துவார். பாக்தாதில் தணல் அடுப்பின்மேல் பானையை வைத்துப் பழைய போர்வைகளால் மூடுவார்கள் என்றும், காலையில் தொழுகைக்கூடத்திலிருந்து திரும்பும் ஆண்களுக்கு முட்டை மட்டும் தேவைப்படும்போது பானையைத் திறந்து சூட்டை இழக்காமல் மேலிருந்தே எடுத்துக்கொள்ள இந்த ஏற்பாடு என்றும் விளக்கினார். முகாமிலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் அடுப்பு என்பது பெத்திலியா. நம் வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ் அதேதான். இப்போது பிளாட்டா என்னும் மின்தட்டு. பொத்தானோ திருகியோ இல்லாமல் ஒரே சூட்டில் இருப்பதால் ஓய்வுநாளில் கை வைக்க இடமில்லை. பெத்திலியாவில் செய்த தபீத்துக்கு ஈடில்லை என்று பாட்டி உறுதியாகச் சொல்கிறார். மண்ணெண்ணெய் மணத்தை மறந்துவிட்டுச் சொல்கிறார் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை அந்த வீட்டில் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, மின்கருவியைத் தொடக் கூடாது. பானை திறக்கும் வேளையில் என் கையில் பேனாகூட இருக்கலாகாது என்பதால், அதே பொருள்களை அதே எடையில் என் வீட்டிலும் ஒரு பானையில் வைத்து, கம்பி நுழைந்த வெப்பமானியோடு இரவு முழுவதும் கவனித்தேன். என்னிடம் பிளாட்டா இல்லை. சூட்டடுப்பில் (ஓவனில்) 105 டிகிரியில் வைத்தபோது பானையின் நடுப்பகுதி நள்ளிரவில் 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. இரவு முழுவதும் வைக்கும் இறைச்சிச் சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லைக்கு அது வெகு மேலே. ஆனால் சூட்டடுப்பு பானையை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுடுகிறது. பிளாட்டா அடியை மட்டும் சுடுகிறது. பாட்டி வீட்டில் அடியில் விரற்கடை கனத்துக்குச் செம்பழுப்புக் காந்தல் உருவாகியிருக்க, என் பானையில் பக்கச்சுவர்தான் காய்ந்திருந்தது. ஈராக்கியர் ஹ்காக்கா என்று பெயர் சொல்லிச் சண்டையிட்டுப் பங்குபோடும் அந்தக் காந்தல் இல்லையென்றால் குழந்தைகள் தபீத்தையே ஏற்பதில்லை.

பிரியாணிக்குத் தம் போடும்போது அடியில் தோசைக்கல் வைக்கும் வழக்கம் இதற்குத் தீர்வாக அமைந்தது. அரிசி சாற்றை உறிஞ்சி மேலே குழிகள் தெரியத் தொடங்கியதும் மூடியைப் போட்டு, இரும்புத் தோசைக்கல்லின்மேல் மிகச் சிறு தீயில் 40 நிமிடம் வைத்து, அதன்பிறகு சூட்டடுப்பில் 100 டிகிரிக்கு மாற்றினேன். மறுநாள் பாட்டி கதவருகே நின்று பார்த்தார். நான் மரக்கரண்டியை அடியில் தள்ளியபோது வந்த கரகரப்பைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். கோழியின் காலைத் தொட்டதும் எலும்பு தனியே கழன்று வந்ததைப் பார்த்து, நிறம் இன்னும் ஒரு படி கருக்கலாம் என்றார். முட்டைகளை நான் மூடிமேல் வைக்காமல் சோற்றின்மேல் வைத்திருந்தேன். என்னுடையவை காப்பி நிறத்தில், வெள்ளைக்கருவே பழுப்பேறி, மஞ்சள்கரு வெண்ணெய்போல் குழைந்திருந்தன. பாட்டியினுடையவை வெளியே மட்டும் வெங்காயச் சருகின் சாயம் ஏறி உள்ளே வெளிர் நிறமாக இருந்தன. நீண்ட சூட்டில் வெள்ளைக்கருவிலுள்ள சிறிதளவு சர்க்கரையும் புரதமும் வினைபுரிவதால் வரும் பழுப்பு அது. மூடிக்கு மேலே அந்த அளவு சூடு எட்டுவதில்லை. இதில் மட்டும் எனக்கு என் முறையே பிடித்திருக்கிறது.

காலைச் சிற்றுண்டியில் இந்த முட்டையை வறுத்த கத்தரிக்காய்த் துண்டுகளோடும் அம்பாவோடும் உண்கிறார்கள். பிட்டா ரொட்டிக்குள் இவற்றை அடைத்து விற்கும் சபிக், ராமத் கானில் 1960களில் தெருக்கடை உணவாகப் பரவியது. அம்பா என்பது வெந்தயமும் மஞ்சளும் போட்ட மாங்காய் ஊறுகாய்தான். 1830களில் யூத வணிகர் டேவிட் சசூன் பாக்தாதை விட்டுப் பம்பாயில் வந்து நிலைகொண்ட பிறகு அவ்விரு நகர யூத வணிகர்களிடையே இருந்த நெருக்கத்தில் இது ஈராக்குக்குப் போயிருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதே வணிகப் பாதையில் கல்கத்தாவுக்குப் போன பாக்தாத் யூதர்களும் சனிக்கிழமைக் கோழிச் சோற்றைக் கைவிடவில்லை. அங்கே அது ஹமீன் என்ற பெயரில் வழங்கியது, ஆலு மக்கல்லா எனும் முழு உருளைக்கிழங்கு வறுவல் அவர்கள் சமையலின் அடையாளமாயிற்று. பாட்டியிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் கேட்ட ஒரே கேள்வி அங்கே அடியில் காந்தல் வருமா என்பதுதான்.

பேத்திக்குக் கொடுத்த தாளைப் பொருள் பட்டியலோடு தொடங்காமல், மெழுகுவத்தி நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதினேன். அதற்கு முக்கால் மணி நேரம் முன் பானை பிளாட்டாவில் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி முன் அரிசி சாற்றில் விழ வேண்டும். அதற்கு ஒன்றரை மணி முன் கோழி வதங்கத் தொடங்க வேண்டும். தையல் அதற்கும் முன்னே. எடைகள் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. முகாம் கதையும் கழுத்துத் தோலும் தையல் என்ற வரிக்குக் கீழேயே இடம்பெற்றன, ஏனெனில் அந்த வரி இல்லாமல் கழுத்துத் தோலைத் தைப்பதற்குக் காரணம் எதுவும் தாளில் இருக்காது. பேத்தி அதன்படி செய்தபோது காந்தல் கருகிப்போயிற்று. அவளுடைய அலுமினியப் பானையின் அடி மெலிது, பிளாட்டாவும் புதிய வகை, சூடு கூடுதலானது. பானைக்கும் பிளாட்டாவுக்கும் இடையே ஒரு தகரத் தட்டை வைக்கச் சொல்லி, அதையும் தாளில் சேர்த்தோம். இதற்கிடையே பாட்டியின் நாத்தனார் தாளைப் படித்துவிட்டு, ரோஜா இதழ் தெற்கு ஈராக்கின் பாஸ்ரா நகரத்தாரின் பழக்கம், பாக்தாத் வீடுகளில் கிடையாது என்று தொலைபேசியில் மறுத்திருக்கிறார். பாட்டி அதை ஏற்கவில்லை. ரோஜா இதழுக்கு எதிரே இருவர் கூற்றையும் எழுதி, அளவை மட்டும் பாட்டியின் கணக்குப்படி அரைத் தேக்கரண்டி என்று விட்டிருக்கிறேன்.